அலமாரியிலிருந்து நேராக

1986, தீபாவளிக்கு முந்திய வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கும் மழை விடவில்லை.

அருந்ததி ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும் சுவரிலிருந்த ஈரப்பதமானியைப் பார்த்தாள். தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அவள் செய்த பிளாஸ்டிக் பிலிம் மேசைமேல் திறந்த தட்டில் கிடந்தது. தேன் நிறம். ஒரு பக்கம் மெல்லிய செம்பு ஒட்டியிருந்தது. இரவு முழுவதும் அப்படியே கிடக்கட்டும் என்று அவள்தான் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்துக்காரர் வருவார். கம்பிகளை ஒட்டும் ஈயக் கலவையான சோல்டரை உருக்கி, அந்தத் துண்டை அதில் மிதக்கவிடச் சொல்லிப் பார்ப்பார். தாங்கினால், பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருக்கும் இந்த எலக்ட்ரானிக் போர்டுத் தொழிற்சாலை தனக்கு வேண்டிய பிலிமைத் தானே செய்துகொள்ளும். தாங்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து வாங்கும், ஆய்வுக்கூடத்தை மூடிவிடும். தொழில் மந்தமான அந்த வருடம் பாயான் லெப்பாஸில் எதையும் மூட யாரும் அதிகக் காரணம் தேடவில்லை.

ஐந்து வருட வேலை அது. இரண்டு வெள்ளைப் பொடிகள். ஒன்றை உலர்ந்த கரைப்பானில் கரைத்து, நைட்ரஜன் ஓடும் குடுவையில் மற்றதைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து சங்கிலியாக நீளும். திரவம் பாகாகும், கலக்கும் தண்டு திணறும். அந்தப் பாகைக் கண்ணாடிமேல் பரப்பி, நூறு, இருநூறு, முந்நூறு டிகிரி என்று சூட்டை ஏற்றினால் சங்கிலிக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேறி, வளையங்கள் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது எதிலும் கரையாது. உருகாது.

முதல் வருடம் பாகு கெட்டியாகவே இல்லை. பினாங்குக் காற்றின் ஈரம் பொடியில் இறங்கிச் சங்கிலியை நீளவிடவில்லை. அவள் அக்ரிலிக் பலகைகளை ஒட்டிப் பெட்டி செய்து, இரண்டு ரப்பர் கையுறைகளைப் பொருத்தி, உலர்ந்த வாயுவை உள்ளே விட்டாள். அதற்குள் கைவிட்டுத்தான் பொடியை நிறுத்தாள். பிறகு பிலிம் வந்தது. மடித்தால் அப்பளம்போல நொறுங்கியது. வளையங்களுக்கு நடுவே ஓர் ஆக்ஸிஜனைக் கீல்போல வைத்தாள். பிலிம் வளைந்தது. கொஞ்சம் வெப்பத் தாங்கலை இழந்தது. மிஞ்சியதே போதுமானதாக இருந்தது. வெப்பத் தராசில் ஐந்நூறு டிகிரி வரைக்கும் எடை குறையவில்லை. அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். அதில் கோடு நெடுந்தூரம் நேராகப் போய்ப் பிறகுதான் விழுந்தது.

ஐந்நூறு டிகிரி தாங்கும் பிலிம் தண்ணீர் குடிக்கும். இந்த வகைப் பிலிம்கள் எல்லாமே குடிக்கும். ஈரத்தோடு சோல்டரில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஒரு நொடியில் ஆவியாகிச் செம்பைத் தூக்கிவிடும். வெயில் நாட்களில் அவள் பிலிம் தாங்கியது. மழை நாட்களில் சில சமயம் தாங்கியது.

எட்டரைக்குத் தியாகராஜா வந்தார். ஆய்வுக்கூடத்துக்கு மேலாளர். அவள் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். இரண்டு குடும்பங்களும் டத்தோ கிராமாட்டில் ஒரே சாலையில் இருந்தன. தொழிற்சாலைக்கு வெளியே அவரை அங்கிள் என்பாள்.

அவர் தட்டைப் பார்த்தார்.

"இதை ஏன் வெளிய போட்டு வச்சிருக்க? ஓவன்ல போடு. நூத்திருபதுல ஒரு மணி நேரம். பத்து மணிக்குள்ள காஞ்சிடும்."

"புரொடக்ஷன் லைன்ல ஓவன் இல்லையே சார்."

"டெஸ்ட் லைன்லயா நடக்குது?"

"ஹெட் ஆஃபீஸ் அனுப்பின பேப்பர்ல என்ன போட்டிருக்கு? ஷெல்ஃப்ல இருந்து நேரா சோல்டருக்கு. லைன்ல எக்ஸ்ட்ரா ஸ்டெப் கூடாதுன்னு."

"போட்டிருக்கு லா. போட்டிருக்கிறதெல்லாம் யார் செய்றா?"

"இப்ப காயவச்சு பாஸ் பண்ணிட்டு, அப்புறம் லைன்ல ஆயிரம் போர்டு வெடிச்சா?"

"அப்புறத்தை அப்புறம் பாத்துக்கலாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா மாதிரியே நீ. முப்பது வருஷம் ரூல் புக்கைக் கட்டிக்கிட்டு அழுதார். ரிட்டையர் ஆகும்போது என்ன குடுத்தாங்க? ஒரு குடை."

"அந்தக் குடை இன்னும் நல்லாத்தான் இருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. தட்டை ஓவன் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனார். அவள் அதைப் பழைய இடத்தில் வைத்தாள்.

சோதனையை லைனில் வேலை செய்யும் ஒருவரே செய்ய வேண்டும் என்பதும் அந்தப் பேப்பரில் இருந்தது. தனலெட்சுமியை அனுப்பியிருந்தார்கள். லைன் லீடர். செபராங் ஜெயாவிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருபவள். முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு தட்டின்மேல் குனிந்தாள்.

"இதுதான் உங்க பிலிமா அக்கா? தீபாவளிப் பலகாரம் மாதிரில்ல இருக்கு. எண்ணெய்ல போட்டு எடுத்துரவா?"

"சோல்டர்ல போடு, போதும்."







அருந்ததி இடுக்கியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வந்தவர் உயரமானவர், மரியாதையாகப் பேசினார். சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்து நல்ல கோடு என்றார். வெளிநாட்டு பிலிமை முதலில் பார்க்கலாம் என்றார்.

தியாகராஜா தன் அறைக்குப் போய்ப் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்தார். அவர் கொண்டுவந்தது ஒரு வெள்ளிநிறப் பை. நான்கு ஓரமும் ஒட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டினார். பிலிம் துண்டுகளோடு ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று மேசையில் விழுந்தது.

அருந்ததி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு தியாகராஜாவைப் பார்த்தாள். அவர் வெட்டிய ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

தனலெட்சுமி இடுக்கியால் துண்டை எடுத்துச் சோல்டர்மேல் வைத்தாள். அது மிதந்தது. பத்து நொடி. எடுத்தாள். செம்பு வழவழப்பாக இருந்தது.

அடுத்தது அருந்ததியின் துண்டு. மூன்றாவது நொடியில் நடுவே ஒரு கொப்புளம் எழுந்தது. பிறகு ஓரத்தில் இரண்டு. தனலெட்சுமி எடுக்கவில்லை, பத்து வரை காத்திருந்தாள்.

"ஐயோ," என்றாள், யாரையும் பார்க்காமல்.

அருந்ததி வந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "அந்தத் துண்டு பையிலிருந்து வந்தது. என்னுடையது ராத்திரி முழுக்க இந்த அறையில் கிடந்தது. அதையும் இன்றிரவு இங்கே வையுங்கள். நாளைக் காலையில் இரண்டையும் பார்ப்போம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலை விமானத்தில் கோலாலம்பூர். தியாகராஜாவிடம் திரும்பிக் கேட்டார். "இரண்டுக்கும் ஒரே நிபந்தனைதானே கொடுத்தீர்கள்?"

தியாகராஜா மேசையைப் பார்த்தார்.

"ஒரே நிபந்தனைதான்," என்றார்.

அன்று மாலை அருந்ததி வெளிநாட்டு பிலிமின் மிச்சத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அவளே சோல்டரில் வைத்தாள். கொப்புளம் நான்காவது நொடியில் வந்தது.

சூடு ஆறுவதற்குள் அதைத் தியாகராஜாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் தொடவில்லை. "தெரியும்," என்றார்.

"அந்த ஆளுகிட்ட ஏன் சொல்லல?"

"ஹெட் ஆஃபீஸ் அந்த வெளிநாட்டுக் கம்பெனியோட விலை பேசி முடிச்சாச்சு. போன மாசமே. டெஸ்ட் ஒரு சடங்கு." குரலைத் தாழ்த்தினார். "உன் பிலிம் நல்லா தாங்கியிருந்தா, ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் காயவைன்னு சொன்னேன். நீ கேக்கல."

"அந்தப் பையை ஏன் முன்னாலயே திறந்து வைக்கல?"

"அது அவங்க பொருள்மா. சீல் பண்ணி வந்தது. நான் எப்படித் திறக்க முடியும்?"

அவள் துண்டை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

"உனக்கு வேலை போகாது. நான் பேசிட்டேன். வர்ற பிலிமைப் பாத்து வாங்குற வேலை. சம்பளம் அதேதான்." துண்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். "தீபாவளிக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. ஆன்ட்டி கேட்டுக்கிட்டே இருக்கா."

தீபாவளிக்கு அவள் போகவில்லை.

புது வருடத்துக்குள் ஆய்வுக்கூடம் காலியானது. குடுவைகள் பெட்டிகளில் போயின. அக்ரிலிக் பெட்டியைக் கையுறைகளோடு குப்பை லாரியில் ஏற்றினார்கள். வரைபடத்தை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் கிழித்தார்கள்.

இப்போது அவளுக்குக் கிடங்கில் ஒரு மேசை இருந்தது. வெளிநாட்டு பிலிம் பெரிய சுருள்களாக வந்தது. தடிப்பை அளந்து, கீறல் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பினாள். லைனில் காலையில் பிரித்த சுருள் மாலைவரை திறந்தே தொங்கியது. சனவரியிலும் பிப்ரவரியிலும் வெயில். ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரலில் மழை தொடங்கியது. இரண்டாம் நாள் தனலெட்சுமி கிடங்குக்கு ஒரு கூடையைச் சுமந்துகொண்டு வந்தாள். கூடை நிறையக் கொப்புளம் விழுந்த போர்டுகள்.

"அக்கா, உங்க பிலிமுக்கு வந்த அதே அம்மை," என்றாள். "இது வெள்ளைக்கார அம்மை. சூப்பர்வைசர் எங்களைத்தான் திட்டுறான். கையைக் கழுவலையாம். எண்ணெய்க் கையாம். எங்க வீட்ல எண்ணெய் வாங்கிப் பத்து நாளாச்சு, அவனுக்கு எப்படித் தெரியும்?"

அருந்ததி ஒரு போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து டெலெக்ஸ் வந்தது. சுருளை வெட்டியதும் துண்டுகளை நூற்றிருபது டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்திவிட்டு சோல்டருக்கு அனுப்பவும். தேவையானால் ஒவ்வொரு லைனுக்கும் ஓர் ஓவன் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் ஓவனை வாங்கவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்த பழையதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து லைன் முனையில் வைத்தார்கள். கதவின் கைப்பிடியில் அவள் சுற்றிய துணி இன்னும் இருந்தது.

தியாகராஜா அவளை வரச்சொன்னார். உலர்த்தும் செய்முறையை அவள் எழுதினால் நல்லது என்றார். அதை எழுதத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஓவன் பக்கத்தில் நின்றபடியே எழுதினாள். நான்கு வரி. அவர் வாசித்துத் தலையாட்டி, கதவில் ஒட்டினார். தனலெட்சுமி முதல் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெப்பமுள் மெல்ல ஏறத் தொடங்கியது.

"நல்லா எழுதியிருக்கம்மா," என்றார் தியாகராஜா. "அவ்வளவுதான் விஷயம். ஒரு மணி நேரம்."

அருந்ததி பேனாவை மூடினாள்.

"அப்ப, லைன்ல எக்ஸ்ட்ரா ஸ்டெப் கூடாதுன்னது என் பிலிமுக்கு மட்டும்தானா, அங்கிள்?"