வெற்று வாரங்கள்

விடுப்பில் இருந்தவள் வேலை செய்யவில்லை, சரி. அதனால் அந்த வாரங்களில் மோசமாக வேலை செய்தாள் என்று ஆகிவிடுமா? திரையைப் பார்த்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை. குழுத் தலைவர் என் அக்காவின் கணவர். இந்த வேலையை வாங்கித் தந்தவர். அவர்கள் வீட்டு மாடியறையில்தான் நான் குடியிருக்கிறேன்.

அழைப்பு மையத்து ஊழியர்களின் வாராந்தர மதிப்பெண்களுக்குச் சராசரி எடுக்கும் நிரல் நான் எழுதியது. ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு வாரமாக லூப்பில் சுற்றும். அட்டவணையில் விடுப்பு வாரத்தின் கட்டம் வெறுமையாக இருந்தால் தாண்டிப் போகும். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். காலைக் கூட்டத்தில் அத்தான் அதைப் பெரிய திரையில் ஓடவிட்டார்.

"எங்க ஆமை நடக்குது பாருங்க. கடைசி ஆள்கிட்ட வர்றதுக்குள்ள அவர் ரிட்டயர் ஆயிடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் உறுத்துகிறது. பிறகு அவர் லூப்பைத் தூக்கிவிட்டு, முழு அட்டவணைக்கும் ஒரே கட்டளையில் சராசரி எடுத்தார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. வெறுமையான கட்டங்களில் எல்லாம் பூஜ்ஜியம் நிரப்பியிருந்தார். பட்டியலின் அடியில் இருப்பவர்களை இந்த மாதம் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

பட்டியலில் கடைசியாக இருந்தவள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஹெட்போனோடு யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். நிறைமாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது அவளுக்கு; அதற்குத்தான் விடுப்பு. வேலைக்குத் திரும்பிய அன்று அத்தான், "ரெஸ்ட் எல்லாம் நல்லா எடுத்தியாம்மா?" என்றார். தலையாட்டினாள்.

மதியத்துக்குள் எனக்கு வழி கிடைத்தது. லூப்பே வேண்டாம். எண் உள்ள கட்டங்களை மட்டும் கூட்டி, அப்படி எத்தனை கட்டமோ அதனால் வகுக்கச் சொன்னால் போதும். எல்லோருக்கும் ஒரே வீச்சில். அவருடையதைப் போலவே நொடியில் முடிந்தது. அவள் பட்டியலின் நடுவுக்கு ஏறியிருந்தாள்.

"வேகமாவும் இருக்கு, சரியாவும் இருக்கு அத்தான்."

குனிந்து நிதானமாகப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்பது தெரிந்தது.

"பரவால்லையே, ஆமைக்கு றெக்கை முளைச்சிடுச்சு." குரலைத் தாழ்த்தினார். "அப்ப யாரை அனுப்புறது? நாள் தவறாம வந்தவனையா? என்னோடதே இருக்கட்டும். பழசும் புதுசும் ஒரே விடைதான் தருதுன்னு நீ உன் பேரைப் போடு. லூப்பு உன்னுது, நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

அப்படியென்றால் வேகம் என்பது வெறும் பேச்சு.

"அவ குழந்தை..."

"அதான் இல்லையே. இருந்தாலாவது யோசிக்கலாம். இப்ப யார் வயிறு காயப் போவுது?" நாற்காலியின் முதுகைத் தட்டினார். "மாடியறையை வாடகைக்குக் கேட்டு ஆள் வருதாம், அக்கா சொன்னாளா?"

அக்கா சொல்லவில்லை. ஒருவேளை இன்று சொல்வாள்.

'சரிபார்த்தவர்' என்பதற்கு எதிரே இருந்த கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ரெண்டும் ஒண்ணு இல்லையே, அத்தான்."

அவர் நகரவில்லை. தடுப்புக்கு அப்பால் அவள், "லைன்லயே இருங்க சார், நான் பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டம் வெறுமையாகவே இருந்தது.