கேட்காமல் வைத்தது

ஜைதூன் பீ செத்துப்போன ஐந்தாம் நாள், விசாரணைக்கு வந்த சுகாதார அதிகாரி அய்யாதுரை பிரசவ ஆஸ்பத்திரி மேஜையில் உட்கார்ந்து சாம்பார் வடையைப் பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டார். எதிரே நர்ஸ் அபயாம்பாள் மரண அறிக்கைப் படிவத்தோடு நின்றாள். 1994-ஆம் வருஷம் அது.

"வீட்லயே பிரசவம். ரத்தப்போக்கு. ஆட்டோலயே உயிர் போயிருக்கு. சரிதானே?"

"சரிதான் சார்."

"கூப்பிடு தூரத்துல இலவச ஆஸ்பத்திரி. அப்பவும் வரலை பாருங்க. காரணம்ங்கற கட்டத்துல 'மதக் கட்டுப்பாடு, அறியாமை'ன்னு எழுதுங்க."

அபயாம்பாள் பேனாவைத் திறக்கவில்லை.

போன மாதம் அவள் மயிலாப்பூர் சந்துக்குள் அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். ஜைதூன் நிறைமாத வயிற்றோடு வாசலை மறித்து நின்றாள்.

"அங்க வரமாட்டேன்க்கா. போன தபா என்னைக் கேக்காமலே காப்பர்-டி வச்சு அனுப்சீங்க. மூணு மாசம் ரத்தமா கொட்டிச்சு. தி.நகர் டாக்டரம்மா பாத்து எடுத்தப்புறந்தான் உள்ள இன்னா கீதுன்னே தெரிஞ்சுது. நானே திருட்டுத்தனமா வச்சுக்கினேன்னு மாமியாரு இன்னும் ஏசுறாங்க."

வைத்தது அபயாம்பாள்தான். அந்த மாதக் குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட்டுக்கு நான்கு பேர் குறைந்தார்கள். டாக்டர் கண்ணைக் காட்டினார். வலியில் துவண்டு கிடந்தவளிடம் "சுத்தம் பண்றேம்மா" என்று பொய் சொல்லிக்கொண்டே வைத்தாள். வாசலில் நின்றபோது அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

"அவ வராததுக்கு நாமதான் சார் காரணம்" என்று ஆரம்பித்து, இப்போது எல்லாவற்றையும் சொன்னாள்.

அய்யாதுரை விரலை நக்கினார். "இதை எழுதினா டிபார்ட்மென்ட் பேரு நாறிடும்." படிவத்தை இழுத்துத் தானே எழுதி, கையெழுத்தும் போட்டார்.

எழுதியதற்கு ஏற்றபடி அடுத்த மாதமே திட்டம் வந்தது. முஸ்லிம் தாய்மார்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம். ஷாமியானா, பிஸ்கட், ரோஜாப்பூ. ஜைதூனின் புருஷன் ஹபீபுர் ரஹ்மானைக் கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்காரவைத்து, அவன் முகத்துக்கு நேராகவே அய்யாதுரை அறியாமையைப் பற்றி அரைமணி நேரம் முழங்கினார். பிறகு அபயாம்பாளைப் பேசக் கூப்பிட்டார்.

"ஜைதூனுக்கு அறியாமை இல்ல" என்றாள் அவள். "போன பிரசவத்துல அவளைக் கேக்காம காப்பர்-டி வச்சோம். வச்ச கை இதுதான். அதுக்குப் பயந்துதான் அவ வரலை."

யாரோ மைக்கை அணைத்தார்கள். ஆனால் பின்வரிசையில் ஒருத்தி எழுந்துவிட்டாள். "எனக்கும் அப்டித்தான் வச்சாங்க!" இன்னொருத்தி எழுந்தாள். ஷாமியானா முழுக்கக் கூச்சல்.

அதற்குள் ஹபீபுர் ரஹ்மான் மேடைக்கு அருகில் வந்துவிட்டான். காறித் துப்புவான் என்று நினைத்தாள். துப்பியிருந்தால் தேவலை.

"அவ உசுரோட இருக்கறப்ப எங்கம்மாகிட்ட வந்து இதைச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?" என்றான்.

அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். திங்கட்கிழமை அவளுக்கு ஈக்காட்டுத்தாங்கலுக்கு மாற்றல் உத்தரவு வந்தது.