பூங்கா வீட்டுக் குத்தகைக்காரி

கிர்கிஸ்தானின் கரகோல் நகரப் பூங்காவிலிருந்த பழைய மரவீட்டைத் தமீரா குத்தகைக்கு எடுத்தபோது அவளுக்கு ஐம்பதை நெருங்கிய வயது. பாதி ஆயுளை மாஸ்கோவில் ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் அடுப்படியிலேயே கழித்துவிட்டு ஊர் திரும்பியவள். கணவன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. மகன் அஸ்கத் அங்கேயே ஒரு ரஷ்யப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். பேத்திக்குக் கிர்கிஸ் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

அந்த வீடு ஜார் காலத்து வியாபாரி ஒருவன் கட்டியது. சோவியத் ஆட்சியில் கல்யாணப் பதிவு அலுவலகமாக இருந்தது. ஊரில் பாதிப்பேர் அதன் படியில் நின்றுதான் கல்யாணப் படம் எடுத்திருந்தார்கள். தமீராவும் அங்கே கையெழுத்துப் போட்டவள்தான். பிறகு அலுவலகம் வேறு இடம் போனது, கூரை ஒழுகியது, ஜன்னல் வேலைப்பாட்டில் புறா கூடு கட்டியது. கடைசியில் நகராட்சி அதைக் குத்தகைக்கு விட்டது. பழுது பார்க்க வேண்டும், மரத்தை மரமாகவே வைத்திருக்க வேண்டும், முன்கூடத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உட்காரலாம். இவைதான் நிபந்தனை.

பொதுக்கூட்டத்தில் ஒரே ஒருவர் எழுந்து எதிர்த்தார். காசிமாலி, பூங்காவில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"குளியல்கூடத்தக் குத்தகைக்கு விட்டீங்க, வேலி வந்துச்சு. சினிமாக் கொட்டாயை விட்டீங்க, வேலி வந்து, கேட்டு வந்து, காவலாளும் வந்தான். குத்தகைங்கிறது வேலி போடறதுக்கு முன்னாடி சொல்ற வார்த்தை, அவ்வளவுதான்," என்றார்.

கைதட்டினார்கள். ஆனால் குத்தகை தமீராவுக்கே போனது.

அவள் சேமிப்பையெல்லாம் கூரையில் கொட்டினாள். தேநீர்க்கடைக்கு அடுப்பு போட்டாள், ரொட்டி சுட்டாள், ஆப்ரிகாட் ஜாம் காய்ச்சினாள். ஆள் வரவில்லை. 'மாஸ்கோக்காரி நம்ம கல்யாண வீட்டை வளைச்சுப் போட்டுட்டா' என்று சந்தையில் பேச்சு. புதுமணத் தம்பதிகள் வந்து படியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கதவு திறந்திருப்பது கண்ணில் படாதது போலப் போய்விடுவார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரோ ஒருத்தியின் முக்காடு காற்றில் பறந்து கண்ணாடியில் உரசும்.

வந்தது காசிமாலி மட்டும். தினமும் வருவார். முன்கூடத்தில் உட்காருவார், எதுவும் வாங்கமாட்டார். பிறகு எழுந்து சுவர் சுவராகத் தடவிப் பார்ப்பார்.

"இந்த ஆணி புதுசா அடிச்சதா?"

"காலண்டர் மாட்ட அடிச்சேன்யா."

"ஏன், தேதி பாக்க வேற எடமில்லையா? இன்னைக்கு ஆணி, நாளைக்கு விளம்பரப் பலகை."

"நாளன்னைக்கு வேலி. அதையும் சொல்லிடுங்க, பாக்கி வைக்காதீங்க."

"சொல்லத்தான் போறேன். புகாரும் குடுக்கப் போறேன்."

கொடுக்கவும் செய்தார். நகராட்சியிலிருந்து ஆள் வந்து ஆணியைப் பார்த்துவிட்டுப் போனான். தமீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவர் வந்ததும், "ஆணியப் புடுங்கிட்டேன், ஓட்டை இருக்கு. ஓட்டைக்கும் ஒரு புகார் குடுங்க," என்றாள்.

"ஓட்டைய மரமெழுகு வச்சு அடைக்கணும். நானே கொண்டாரேன்," என்றார் அவர்.

கொண்டுவந்து அடைத்தார். அன்று அவள் ஒரு கிண்ணத் தேநீரை அவர் முன் வைத்தாள். அவர் குடிக்கவில்லை, ஆனால் ஆறிப்போகும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அப்படியொரு மத்தியானம் பேச்சோடு பேச்சாக வந்தது. ஆனால் கல்யாணங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கிராமத்திலிருந்து வரும் ஜோடிகள் சாட்சி இல்லாமல் முழிப்பார்கள். விளக்குக் கம்பத்தில் ஏறி நிற்பவரைக் கீழே இறக்கிக் கூட்டிப்போவார்கள்.

"எங்களுக்கும் யாரோ முன்பின் தெரியாத ஆளுதான் போட்டாரு. நீங்களா இருக்குமோ?" என்று தமீரா கேட்டாள்.

"மாப்பிள்ளைக்கு மீசை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எல்லாருக்கும் இருந்துச்சு. அத வச்சு என்னத்தக் கண்டுபுடிக்கிறது," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். பூங்காவில் இலை கொட்டத் தொடங்கியிருந்தது.

முதல் பனி விழுந்த வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். சமையலறையின் வடக்கு ஜன்னல் வழியாகக் குளிர் ஊசியாக இறங்கியது. இத்தனை நாள் அவருக்குப் பயந்து சகித்திருந்தாள். இப்போது மரச்சட்டத்தைக் கழற்றிவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தாள். குளிருக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். பூங்கா நடைபாதையிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். கறுத்த மரத்தின் நடுவே கட்டிய பல் மாதிரி இருந்தது.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பனி பெருக்குகிறவர்கள் பெருக்கினார்கள், பள்ளிப் பிள்ளைகள் சறுக்கினார்கள். வருடச் சோதனைக்கு நகராட்சி ஆள் வந்தான். அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு கிண்ணம் தேநீர் குடித்தான்.

"கதகதன்னு இருக்குக்கா," என்று சொல்லிவிட்டு, எல்லாம் ஒழுங்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

மரவீட்டில் அவள் எத்தனையோ நாள் தனியாக இருந்திருக்கிறாள். அன்றைக்குப் போல ஒருநாளும் இருந்ததில்லை. வாசலுக்கு வந்து, பனி தள்ளிக்கொண்டிருந்தவனிடம் காசிமாலியின் வீடு எங்கே என்று விசாரித்தாள்.

அவர் தன் தம்பி மகனின் வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தவள் அந்த வீட்டு மருமகள் நூர்சாத்.

"வாதம் அடிச்சிருச்சுக்கா. வலது கை வரல. பேச்சு போகல, ஆனா யாரு கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. செவத்தப் பாத்தே படுத்திருக்காரு. நீங்க யாரு?"

"பூங்கா வீட்டுலேர்ந்து வர்றேன்."

அறையில் கம்பளிக்குள் சின்ன உருவமாக அவர் கிடந்தார். தமீரா பக்கத்தில் உட்கார்ந்தாள். உடம்பு எப்படி என்று கேட்க வந்தவள், வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஐயா, வடக்கு ஜன்னல மாத்திட்டேன்."

நழுவிய கம்பளியை அவர் முதுகில் இழுத்துவிட்டாள்.

"பிளாஸ்டிக்கு வச்சிருக்கேன்."

முதுகு அசைந்தது. குழறலாக ஒரு குரல் வந்தது.

"என்ன கலரு?"

"வெள்ளை."

அவர் தலையைத் திருப்பினார். ஒரு கண் மட்டும் எரிந்தது. "வெள்ளையா. நா படுத்துட்டா கேக்க ஆளில்லன்னு நெனச்சியா? பழைய சட்டத்த என்ன பண்ண, அடுப்புல வச்சியா?"

"பின்னால சாத்தி வச்சிருக்கேன்."

"நனையுமே, அறிவுகெட்டவளே. எடுத்து உள்ள வை. அந்த எழவக் கழட்டு."

நூர்சாத் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வாரத்தில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

தமீரா தச்சனைக் கூப்பிட்டு ஜன்னலைக் கழற்றிப் பழைய சட்டத்தையே மாட்டினாள். சமையலறை மறுபடி உறைந்தது. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாவு பிசைந்தாள். வாரம் தவறாமல் அவரிடம் போனாள். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு குற்றத்தைக் கொண்டுபோவாள். தரைக்குச் சாயம் பூசினேன் என்பாள், படிக்கு சிமெண்டு வைத்தேன் என்பாள்.

"பொய்யி," என்பார். "இந்தக் குளிர்ல சிமெண்டு புடிக்காது. வேற சொல்லு."

வேறு சொல்வாள். அவர் திட்டுவார். நூர்சாத் தேநீர் கொண்டுவருவாள், இடது கையால் வாங்கிக் குடிப்பார்.

வசந்தப் புத்தாண்டான நூரூஸ் திருநாளுக்கு முன்னால், வெயில் வரத் தொடங்கிய ஒரு காலையில் அவர் இறந்துபோனார். முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே நின்று அழுதார்கள். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் தமீரா வாசலில் நின்றாள். ரத்த உறவு அல்ல, அக்கம்பக்கமும் அல்ல.

வரிசையில் முதலில் இருந்த மூத்த பெண்மணி ஏறிட்டுப் பார்த்தாள். "நீ அவருக்கு என்ன வேணும்மா?"

என்ன சொல்வது என்று தமீரா யோசித்தாள். "எம்மேல புகார் குடுத்தவரு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்மணி கொஞ்சம் நகர்ந்து, கம்பளத்தில் தன் பக்கத்தில் இடம் விட்டாள். தமீரா உட்கார்ந்தாள். தலைத்துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அந்தக் கோடையில் வியாபாரம் நன்றாக நடந்தது. பக்கத்து ஏரிக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் வழியில் இறங்கினார்கள். உள்ளூர்ச் சனங்களும் மெல்ல மெல்ல உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு கல்யாணக் கூட்டம் மழைக்கு ஒதுங்கி, முன்கூடம் நிறைய உட்கார்ந்து தேநீர் குடித்தது. அவள் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். மழை விட்டதும் எழுந்து போனார்கள். நல்ல மனிதர்கள். யாரும் சுவரைத் தடவிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸ்கத் போனில் கூப்பிட்டான்.

"எப்படிப் போகுதும்மா?"

"நல்லாப் போகுதுப்பா. கூட்டம் வருது."

"அப்பறம் என்ன விசேஷம்?"

அவள் வெளியே பார்த்தாள். பாப்ளார் மரத்துப் பஞ்சு காற்றில் மிதந்து நடைபாதையில் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

"வேற ஒண்ணுமில்லப்பா," என்றாள்.