பார்க்காதே என்னும் மூலக்கூறு

கௌசிகா சென்னையில் ஆராய்ச்சி செய்தது கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றி. உடம்பில் ரோந்து சுற்றும் வெள்ளணுக்கள் கெட்டுப்போன செல்லைக் கண்டால் சும்மா விடாது, தீர்த்துக்கட்டிவிடும். ஆனால் சில புற்றுச் செல்கள் கெட்டிக்காரத்தனமாகத் தங்கள் மேற்பரப்பில் ஒரு மூலக்கூறை நீட்டி வைத்துக்கொள்ளும். வெள்ளணு அதைத் தொட்டதும், போகச் சொல்லி உத்தரவு வந்ததுபோல் ஓய்ந்துவிடும். காவல்காரன் பக்கத்திலேயே நிற்பான், திருடன் நிம்மதியாகப் பெருகுவான். அந்த மூலக்கூறை மூடி மறைத்தால் வெள்ளணு விழித்துக்கொள்ளுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

2008 ஆடி நோம்பிக்குக் கொல்லிமலைக்கு வந்தாள். அரியூர் நாடு என்ற தன் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், சின்னம்மா பாப்பாயியைக் காணோம். தாயில்லாதவளை வளர்த்து ஆளாக்கிய சின்னம்மா, இவள் வரும் நாளில் ரோட்டுக்கு வராமல் இருந்ததே கிடையாது. சித்தப்பா சின்னுசாமி மட்டும் நின்றார், மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு. அந்த வருஷம் மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பவர் அவர்தான்.

"சின்னம்மா எங்கீங்க சித்தப்பா?"

"ஒதுக்குக் குடிசையில இருக்கறா கண்ணு."

மாதவிலக்கான பெண்கள் தங்கும் குடிசை அது, குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டி. சின்னம்மாவுக்கு அதெல்லாம் நின்று வருஷக்கணக்காயிற்று.

"மறுபடி வந்துருச்சு. மாசியில இருந்தே வாரதும் போறதுமா இருக்குது. இந்தத் தடவை நிக்கவே மாட்டேங்குது. ஆத்தா சோதிக்கறா."

மாசியிலிருந்து! கௌசிகா பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"கிட்ட வராத சாமி, தீட்டு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் பாப்பாயி. கௌசிகா கேட்கவில்லை. நுழைந்து கட்டிக்கொண்டாள். கைக்குள் எலும்புதான் அகப்பட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க சின்னம்மா" என்றாள்.

"தீட்டோட கோயிலத் தாண்டி எப்படிப் போவேன்? உங்க சித்தப்பா கரகம் எடுக்கறவரு, அவருக்கு ஆவாது. இது நிக்கட்டும், தலைக்கு ஊத்திக்கிட்டு நானே வாரேன்."

நின்றால் வருவாளாம். வந்தால்தானே நிற்கும்! கெஞ்சினாள், திட்டினாள், காலில்கூட விழுந்தாள். பாப்பாயி அசையவில்லை.

கௌசிகாவுக்கு ஊர்மேலேயே கோபம் வந்தது. நோயை ஒளித்தா வைத்திருந்தார்கள்? ஊர் அறியத்தானே உட்கார்ந்திருந்தாள்! அந்தக் குடிசையே மூலக்கூறாக நின்று, வந்தவர்களையெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகச் செய்திருக்கிறது. நேராகச் சித்தப்பாவிடம் போனாள்.

"தெனமும் சோறு வெக்கப் போனீங்களே, ஒரு நாளாச்சும் அவங்க மூஞ்சியப் பாத்தீங்களா?"

"கல்லு மேல வெச்சுட்டுத் திரும்பிருவேன் கண்ணு. பாக்கக் கூடாதில்ல?"

"இது தீட்டு இல்லீங்க சித்தப்பா. வயசான பொறவு இப்படி ரத்தம் போனா, கருப்பைவாயில புத்தா இருக்குமோன்னுதான் பயப்படோணும். நான் கூப்பிட்டு வரலீங்க. நீங்க கூப்பிட்டா வருவாங்க."

சின்னுசாமி காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தீட்டுப் பட்டால் கரகம் போச்சு. அவர் அப்பனும் பாட்டனும் எடுத்த கரகம். முடிச்சை அவிழ்த்து, காப்பை வேப்பமரத்துக் கிளையில் கட்டினார். கரகத்தைப் பங்காளி எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் குடிசைக்கு நடந்தார்.

அவர் குனிந்து நுழைந்ததும் பாப்பாயி சுவரோடு ஒடுங்கினாள். "ஏனுங்க, காப்பு எங்கீங்க?"

"அவுத்துட்டேன். எந்திரி, போலாம்." கையைப் பிடித்துத் தூக்கினார். பாப்பாயி அழுதுகொண்டே எழுந்தாள்.

ஜீப் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். சோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. புற்றுதான். இன்னும் பரவவில்லை, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தால் பிழைக்க வழியிருக்கிறது, ஆனால் வந்தது தாமதம்தான் என்றார்.

"மாசியிலேயே வந்திருந்தா?" என்று கேட்டார் சின்னுசாமி.

டாக்டரம்மா சீட்டில் எழுதத் தொடங்கினார்.

வெளியே பெஞ்சில் பாப்பாயி கௌசிகாமேல் சாய்ந்திருந்தாள். சின்னுசாமி எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து போனாள், டீ வந்து ஆறியது, அவர் கண்ணை எடுக்கவில்லை. பாப்பாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"புள்ள பக்கத்துல இருக்குது. என்னைய என்னத்துக்குங்க இப்படிப் பாக்கறீங்க?"

"மாசியில இருந்து பாக்காததையெல்லாம் பாக்கறேன்" என்றார் சின்னுசாமி.