கண்டாக்கையா பாட்டு

ஜூன் பிறந்த மூன்றாம் நாள் மழை பிடித்தது. கொட்டகலையில் அது பிடித்தால் லேசில் விடாது. முதியோர் இல்லத்துக்கு எதிரே இருந்த தேயிலை மலை விடியும்போதே பனிமூட்டத்துக்குள் போய்விடும். மத்தியானம் ஒரு தடவை தலைகாட்டிவிட்டு மறுபடியும் காணாமல் போகும். மேர்வின் கட்டிலைவிட்டு எழும்பாமல் கிடக்கத் தொடங்கியதும் அந்த வாரத்தில்தான்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருஷம் கண்டாக்காக இருந்து, மலைமலையாக ஏறி இறங்கி ஆட்களிடம் வேலை வாங்கியவர். மனைவி ஐவி தவறிய பிறகு, மகனும் கட்டாரில் இருந்ததால், தானே கேட்டு இந்த இல்லத்தில் வந்து சேர்ந்தார். வெயில் காலத்தில் பேப்பர் படிப்பார், கேரம் ஆடுவார், சமையல்காரியோடு வம்பளப்பார். மழை தொடங்கிவிட்டால் நனைந்த சாக்கொன்றை நெஞ்சின்மேல் போட்டதுபோல் ஆகிவிடும். சோறு இறங்காது. அதைத் துக்கம் என்றும் சொல்ல முடியாது. துக்கப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அவர் மட்டுமல்ல, அங்கிருந்த இருபத்திரண்டு பேரில் ஏழெட்டுப் பேர் அப்படித்தான் சுருண்டு கிடந்தார்கள்.

"வெளிச்சம் கொறையிற காலத்துல சில பேருக்கு வர்ற மனச்சோர்வு இது" என்றார் மாதம் ஒரு தடவை வரும் டாக்டர். "மாத்திரை தர்றேன். ஆனா அத மட்டும் நம்பிப் படுத்துக் கெடக்கக் கூடாது."

அவர் ஏற்பாட்டில்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை நிஷாந்தி வந்தார். மனம் சோர்ந்தவர்களுக்கு இசையால் சிகிச்சை செய்யப் படித்தவர். ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, றபான் என்ற கைமேளம் ஒன்றையும் இரண்டு சோடி ஜால்ராவையும் பையில் போட்டுக்கொண்டு, பாதி நனைந்தபடி வந்து நின்றார். சாப்பாட்டு அறையின் விளக்கையெல்லாம் போட்டு, கதிரைகளை வட்டமாக வைத்தார்கள். தாதி டிலுக்ஷி மேர்வினுக்கு ஜெர்சி மாட்டி, கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"நான் பாடிக் காட்ட வரல. நீங்க பாடணும், நான் கேக்கணும்" என்றார் நிஷாந்தி.

முதலில் மாதா பாட்டா, முருகன் பாட்டா என்று இல்லத்தில் இருந்த லியனார்டுக்கும் சிவசாமிக்கும் வாய்த்தர்க்கம் வந்து அரை மணி நேரம் அதிலேயே போனது. நிஷாந்திக்கு அதிலும் சந்தோஷம்தான். "சண்டை பிடிக்கவாவது நிமிந்து உக்காந்தாங்களே!" என்று டிலுக்ஷியிடம் சொன்னார்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர் மேர்வினுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, வார்த்தை வேணாம். மனசுல வர்ற மெட்டு ஒண்ணு போதும்."

விட்டால் போதுமென்று மேர்வின் ஒன்றை முனகினார். பனிமூட்டத்துக்குள் ஆள் தெரியாமல், கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடுவது மட்டும், வார்த்தை பிடிபடாமல், மேல் ரோட்டுக்குக் கேட்கும். அப்படிக் காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட மெட்டு. சவரம் செய்யும்போதெல்லாம் அதைத்தான் முனகுவார். என்ன பாட்டு என்று ஐவி கேட்டால், "தெரியாது, மலையில பாடுவாங்க" என்பார்.

எதிரே இருந்த ராக்காயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டார். ஏப்ரலில்தான் அங்கே வந்தவர். மேர்வினோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னாங்க பாட்டி?" என்றார் நிஷாந்தி.

"இந்தப் பாட்டு யாரப் பத்தினதுன்னு கண்டாக்கையாவுக்குத் தெரியுமான்னு கேளுங்க."

மேர்வின் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்துக்கு மேலே, மழைக்குக் கொழுந்து பறிப்பவர்கள் போடும் கம்பளியை மனதால் போர்த்திப் பார்த்தபோதுதான் அவருக்கு ஆள் விளங்கியது. ஆறாம் நம்பர் மலை ராக்காயி.

"பாடுங்க பாட்டி" என்று றபானை எடுத்து மேர்வினின் மடியில் வைத்தார் நிஷாந்தி. "ஐயா தட்டுவாரு."

ராக்காயி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

"மழையில வாராரு கண்டாக்கையா - நல்ல
மழைக்கோட்டு போட்டுக்கிட்டு கண்டாக்கையா
நனஞ்ச கொழுந்துக்கும் ஏசுறாரு - அது
காஞ்ச கொழுந்துன்னா கத்துறாரு!"

மேர்வினின் விரல் றபானின்மேல் அப்படியே நின்றது. இருபத்தாறு வருஷம் தன்னைக் கேலி செய்த பாட்டையே முனகிக்கொண்டு சவரம் செய்திருக்கிறார்! வயிற்றுக்குள்ளிருந்து என்னவோ கிளம்பி வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தார். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரிக்க, சமையல்காரி கரண்டியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார் மேர்வின்.

"இருக்கு. ஆனா அது சிரிக்கிற பாட்டு இல்லீங்க."

"பரவால்ல, பாடுங்க."

ராக்காயி குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்காம்பராவுல பிள்ளையழ - நெஞ்சில்
பாலு கட்டி நான் ஓடிவர
வாசலில நின்னு கண்டாக்கையா - கையில்
மணிக்கூட்டப் பாத்தாரு கண்டாக்கையா."

பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அந்த அறையின் வாசல் மேர்வினுக்கு நன்றாக நினைவிருந்தது. நிமிஷக் கணக்குப் பார்த்து அங்கே நின்றதும் நினைவிருந்தது. றபானை மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. பழையபடி படுத்துவிடுவாரோ என்று டிலுக்ஷி பயந்தாள். ஆனால் அடுத்த நாள் காலையில் அவராகவே எழும்பி, முகம் கழுவி, பெண்கள் பக்கத்து வராந்தாவுக்குப் போனார்.

"ராக்காயி, அப்ப எனக்கு வீட்டுல புள்ள இல்ல. கலியாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சுத்தான் மகன் பொறந்தான். பசிச்சு அழுவுற புள்ளைய அப்பத்தான் பாத்தேன். நான் செஞ்சது தப்பு. நீங்க மன்னிக்கணும்."

தோட்டத்தில் யாரையும் அவர் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. ராக்காயி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எம் புள்ள வளந்து அவனுக்குப் பேரப்புள்ளையே வந்திரிச்சிங்க. இத இப்படிக் காதுக்குள்ள வந்து சொன்னா ஆச்சா? நான் எல்லார் முன்னாலயும் பாடினேன். நீங்களும் பாட்டுலயே சொல்லுங்க."

"எனக்குப் பாட்டுக் கட்ட வராதே."

"படுத்துக் கெடக்கிற நேரத்துல கட்டுங்க!"

அந்த வாரம் முழுக்க மேர்வினுக்கு அதுதான் வேலை. கொப்பியில் எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினார். லியனார்டிடம் பாடிக் காட்டினார். அது கோயில் பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்று சிவசாமி குறை சொன்னதும், கோபம் வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். மாத்திரையையும் மறக்காமல் போட்டார். நெஞ்சிலிருந்த கனம் முழுதாகப் போகவில்லை. சில காலைகளில் அது முன்பைப் போலவே இருந்தது. ஆனால் கட்டி முடிக்காத ஒரு வரி தலைக்குள் இருக்கும்போது படுத்தே கிடக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கேயோ மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டதால் வர முடியவில்லை என்று நிஷாந்தி போன் பண்ணினார். டிலுக்ஷி தயங்கிக்கொண்டு வந்து சொன்னாள்.

"அவங்க வராட்டி என்னா? நாங்க இருக்கோம்ல!" என்றார் மேர்வின். "லைட்டப் போடுங்க, கதிரைய இழுங்க."

இருபத்திரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மேர்வின் எழுந்து நின்று, ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் குற்றத்தை நாலு வரியில் பாடினார். தாளம் இரண்டு இடத்தில் இடறியது. மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. வாரம் முழுக்கக் காதில் விழுந்து பழகிப்போன அந்த வரியை ராக்காயி இடையில் புகுந்து தூக்கிக்கொண்டு போனார். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

"சரி, தீந்திச்சி" என்றார் ராக்காயி. "உக்காருங்க ஐயா, மூச்சு வாங்குது."

மேர்வின் உட்கார்ந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது யார் பாடுவது என்று லியனார்டும் சிவசாமியும் மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை மேர்வினும் அந்தச் சண்டையில் சேர்ந்துகொண்டார்.