ஆள்மாறாட்டம் செய்த கண்

பரீட்சையில் எனக்குப் பதிலாக வேறு யாரோ இருந்து எழுதியிருக்கிறார்களாம். மின்னஞ்சல் வந்தது. சாட்சி, என்னுடைய கண்.

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட இருக்கிற, நான் வேலைக்கு விண்ணப்பித்துப் பரீட்சை எழுதிய நிறுவனத்தில் கடவுச்சொல் கிடையாது. முதலில் திரையில் ஒரு பந்தியை வாசிக்க வேண்டும். கண் வரியில் எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று கமரா பதிந்துகொள்ளும். பிறகு எதை வாசித்தாலும் அதே கண்தானா என்று விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பதிகிற அன்று ‘விரும்பிய மொழி’ என்று கேட்டது. தமிழை அழுத்தினேன். பரீட்சை வந்தது ஆங்கிலத்தில்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தமிழில் என் கண் தடங்காமல் ஓடும்; ஆங்கிலத்தை முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து, ஒரு சொல்லை இரண்டு தரம் பார்த்துத்தான் வாசிப்பேன். ஆனால் விடை பிழைக்காது.

ஓட்டோ ஓடுகிற வாப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாவியை மேசையில் வைத்தார். பிறகு, “உள்ளதச் சொல்லு மகள். வேற ஆரையும் இருத்தினியா?” என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் மறுநாள் காலை அங்கே போனேன்.

அதிகாரி சுபாகரன் கொழும்பில் ஆங்கிலத்தில் படித்தவர். அவர் ஒரு வரி ஆங்கிலம் வாசித்த பிறகுதான் அவருடைய மடிக்கணினியும் திறந்தது. கவனித்துவிட்டேன்.

“சிஸ்டம் பொய் சொல்லாது, மிஸ்.”

“அப்ப நான் சொல்றனா, சேர்?”

“அப்படி இல்ல. பதியும்போது பிழை விட்டது நான்தான்னு ஒரு கடிதம் தாங்க. இங்கிலிஷ்ல திரும்பப் பதியலாம். சின்ன விஷயம், ஏன் கோவப்படுறீங்க?”

“உங்கட அப்பா உங்களக் கள்ளன் எண்டு பாத்திருக்காரா, சேர்?”

அவர் பேனையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“கடிதம்தானே? தாறன்.”

நடந்ததை ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதிக் கைபேசியில் வைத்திருந்தேன். அனுப்பினேன். மடிக்கணினியில் திறந்தார். நான் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னுக்குப் போனது. பின்னுக்கு வந்தது. ‘ஆள்மாறாட்டம்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டது. உதடும் சேர்ந்து அசைந்தது. மூன்றாவது வரியில் திரை கறுத்துச் சிவப்பெழுத்து வந்தது: வேறொருவர் பாவிக்கிறார்.

“ஆரு சேர், உங்களுக்குப் பதிலா இருக்கிறது?”

“எனக்கு... தமிழ் வாசிச்சுப் பழக்கமில்ல.”

“இது எனக்கு நடந்தாக் களவு. உங்களுக்கு நடந்தாப் பழக்கமில்ல.”

நெற்றியைத் தடவினார். “நான் ஹெட் ஒபிஸுக்கு எழுதுறேன்.”

“இப்பவே போன்ல எழுதுங்க. மறுகா கீழ வாங்க. எங்கட வாப்பா நிக்கார். பரீட்சையில இருந்தது உங்கட மகள்தான் எண்டு சொல்லுங்க. வாசிக்கத் தேவையில்ல, வாயால சொன்னாக் காணும்.”

எழுதினார். இறங்கி வந்தார். சொன்னார்.

வாப்பா ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தபடி, “அது எனக்குத் தெரியும்தானே, சேர்” என்றார்.

தெரியுமாம். பின்சீற்றில் ஏறிக்கொண்டேன். காத்தான்குடியில் வீடு வரும்வரை அவரோடு ஒரு சொல் பேசவில்லை.