கடலுக்கான தூதர்

கடலுக்கு அரசு அனுப்பிய தூதர்களிலேயே அதிகக் காலம் பதவியில் இருந்தவர் எஸ்தர் பொற்கொடி. பத்தொன்பது வருடம். அதற்கு முன் சுற்றுச்சூழல் துறையில் இருந்தார். சதுப்புநிலங்களைக் காக்கும் சட்டத்தை அவர் எழுதி முடித்த வாரத்தில், கடலே அவர் பெயரைச் சொல்லிக் கேட்டது. அனுப்பிவைத்தார்கள்.

பேச்சுவார்த்தை சிப்பிக்குப்பத்துப் பழைய சுங்க அலுவலகத்தில் நடக்கும். கடல் தன் சார்பில் ஓர் அலையை அனுப்பும். அது படியேறி வந்து எதிர் நாற்காலியில் உட்காரும். முதல் வருடமே, கடலுக்குள் சாயக்கழிவு விட்டுக்கொண்டிருந்த குழாய்களைப் பொற்கொடி அடைக்க வைத்தார். பதிலுக்குக் கடல், காணாமல்போன இரண்டு வள்ளங்களைத் திருப்பித் தந்தது, அவற்றில் போயிருந்தவர்களோடு. அவர்கள் சற்று இளைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் வருடம் கடல் சிப்பிக்குப்பத்தையே கேட்டது.

"ராப்பகலா அசைஞ்சுகிட்டே இருக்கோம்மா," என்றது அலை. "வயசாகுது. அசையாம கொஞ்ச நேரம் படுக்க ஒரு இடம் வேணும். பதினஞ்சு நாள்ல ஊரைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க."

அதைச் சொல்லப் பொற்கொடி ஊருக்குள் போனார். மகளிர் சங்கத் தலைவி செபஸ்தியம்மாள் சாளை மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கடல் கேக்குறதும் நியாயம்தான். நூத்திப்பன்னெண்டு வீட்டுச் சனம் எங்க போவும்?" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க யாரு பக்கம்மா?"

இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொற்கொடி ஜீப்பில் திரும்பும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் கைவிட்ட உப்பளம் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அங்கே காற்று அதிகம், தூக்கம் வராது என்றது அலை. பழைய துறைமுகத்துக்கும் அதே பதில்தான். பொற்கொடி ஃபைலை மூடிவைத்தார்.

"மதுரையில என் வீடு இருக்கு. ஓய்வுக்குன்னு கட்டினது. ஹாலுக்குக் காத்தே வராது."

"மாடியா?"

"இல்ல, ஹால் கீழதான்."

அலை எழுந்து போய்க் கடலிடம் கேட்டுவிட்டு வந்தது. "ஃபேன் போட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவர் கையெழுத்திட்டார். அலை தன் பெயருக்கு நேரே ஈரம் வைத்தது.

கடல் மொத்தமாக வரவில்லை. வாரத்துக்கு ஒரு பங்கு என்று முறை வைத்துக்கொண்டது. முதல் பங்கு திங்கட்கிழமை நாற்கர சாலை வழியாக, ஓரமாகவே வந்து சேர்ந்தது. ஹாலில் படுத்ததும் அசைவு நின்றது. ஓய்வுபெற்று வந்த பொற்கொடி மாடி அறைக்குக் குடிபோனார். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் செபஸ்தியம்மாள் பஸ் பிடித்து வந்தாள். கருவாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "நல்லாத் தூங்குது," என்று கிசுகிசுத்தாள். பிறகு பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அப்போது வாசலில் யாரோ அழைத்தார்கள். பொற்கொடி போய்ப் பார்த்தார். சித்திரை வெயிலே குடை பிடித்தபடி, களைத்துப்போய் நின்றிருந்தது.

"சத்தமில்லாம வாங்க," என்று கதவைத் திறந்தார். "குடையை அந்த மூலையில வச்சிடுங்க."